வாசல் பக்கம் நின்ற பட்ட மரம்

ஹாலந்தில் நடந்த கருத்தரங்கில் என் கட்டுரையைக் கேட்டவர்களில் பாதிப்பேர் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள். மீதிப்பேர் எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர்கள். டச்சு ஆற்று ஓவியங்களில் உள்ள குறியீடுகளைப் பற்றித் திருச்சியிலிருந்து ஒருத்தி வந்து பேசுவதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து, "உங்கள் ஊரில் ஆறுகள் உண்டா?" என்று மிகுந்த கனிவோடு விசாரித்தார். காவிரிக்கரையில் பிறந்தவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. "உண்டு, சில வருடம் தண்ணீர்தான் இருக்காது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கோபம் ஆறாமல்தான் பாரிசுக்கு ரயில் ஏறினேன்.

பாரிசில் எனக்கென்று இருப்பவள் சறோ ஒருத்திதான். சறோஜினிதேவி என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்து, திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் சில வருடம் குடியிருந்தாள். இருவருக்கும் ஒரே வயது. பிறகு பிரான்சுக்குப் போய், சிவம் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். போர் முடிந்த பிறகு இரண்டு பேருமாக, பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சிவம் மாரடைப்பில் இறந்துபோனார். நான் ஐரோப்பாவுக்கு வருகிறேன் என்றதும் போனில் சொன்னாள்: "நீ படங்களைப் பற்றிப் படிச்சனியெல்லே? உன்னாலை எனக்கு ஒரு அலுவல் ஆகவேணும். கட்டாயம் வா."

கார் து நோர் நிலையத்தில் இறங்கி, நிலத்தடியில் இன்னொரு ரயில் பிடித்து, கார்ஜ் லே கொனெஸ் என்ற இடத்தில் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். ஆனால் திருச்சி ஜங்ஷனில் பழகிய உடம்பு, கூட்டம் எந்தப் பெட்டியில் ஏறுகிறதோ அதில் தானும் ஏறிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் லா கூர்னெவ் என்று பலகை வந்தது. என் காகிதத்தில் அந்தப் பெயர் இல்லை. எதிரே வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் என் முழியைப் பார்த்தே கேட்டார்.

"எங்கை தங்கச்சி போறியள்?"

"கார்ஜ் போகணுங்க."

"அது தே, D லைன். இது பே, B லைன். மாறி ஏறிட்டியள். இறங்குங்கோ, நான் காட்டுறன்." அவரும் இறங்கினார். வெங்காயமும் இறங்கியது. எதிர்ப்பக்க மேடை வரை கூட வந்து, சரியான ரயிலுக்கு எங்கே மாற வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார். "தமிழ்நாடோ? கதையிலை தெரியுது. அங்கை சாம்பாருக்கை சீனி போடுவினமாமே, உண்மையோ?" என்றும் கேட்டார். திருச்சியின் மானத்தைக் காப்பாற்றும் அளவுக்கு அவகாசம் இருக்கவில்லை, ரயில் வந்துவிட்டது.

சறோவின் வீடு அடுக்குமாடி ஒன்றின் நாலாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. மேலே ஏறி முடித்தபோது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. முழங்கை நீளத்துக்கு இருந்த பிரெஞ்சு ரொட்டியை அரிந்து, நடுவில் தேங்காய்ச் சம்பலை அடைத்து, "பாண் சாப்பிடு, பிறகு கதைப்பம்" என்றாள். பிரான்ஸ்காரர்கள் அந்த ரொட்டிக்கு வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு நல்ல ரொட்டியைக் கண்டுபிடித்தவர்களுக்குச் சம்பல் தெரியாமல் போனதே என்று வருத்தமாக இருந்தது.

இரண்டாவது துண்டில் நான் இருக்கும்போது விஷயத்துக்கு வந்தாள்.

"கடைச் சுவரிலை ஒரு படம் மாட்டியிருக்கிறன். ஆத்துப் படம். ஒல்லாந்துக்காரன் கீறினது. நடைபாதையிலை படம் விக்கிறவனிட்டைச் சின்னனா வாங்கி, பெருசா அடிச்சு மாட்டினது. அந்தப் படத்தாலைதான் சிவம் செத்ததெண்டு அத்தான் சொல்லுறார்."

அத்தான் என்றது சிவத்தின் அண்ணன் குலசிங்கத்தை. கடையில் பாதிப் பங்கு அவருடையது. தம்பி போனபின் வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் கடைக்கு அழைத்து வந்திருக்கிறார். வந்தவர் படத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினாராம். கடைக்கு ராசி இல்லை, போன் கடைக்காரர் ஒருவருக்குக் கைமாற்றிவிடலாம், நீ கையெழுத்துப் போடு என்று அன்றிலிருந்து அண்ணன் நெருக்குகிறார்.

"படத்தைக் கழட்டிட்டாப் போச்சு. இதுக்கு நான் எதுக்கு?" என்றேன்.

"கழட்டினால் நான் ஒத்துக்கொண்ட மாதிரி" என்றாள் சறோ. "படத்தை வாங்கினது நான். கழட்டின அண்டைக்கே, புருசனைச் சாகக்குடுத்தவள் இவள்தானெண்டு லா ஷப்பல் முழுக்கக் கதைக்கும். இப்பவே ரெண்டு பேர் கதைச்சுப்போட்டினம். நான் கழட்டமாட்டன். கையெழுத்தும் வைக்கமாட்டன். படிச்ச ஆள் ஒராள் வந்து, படத்திலை சாவு இல்லையெண்டு சொன்னால் தான் இந்தக் கதையை விடுறனெண்டு அத்தான் சொல்லியிருக்கிறார். நீ வந்து சொல்லு."

டச்சு ஆற்று ஓவியத்தில் சாவு இல்லை என்று சொல்வது, சாம்பாரில் பருப்பு இல்லை என்று சொல்வது மாதிரி.

மறுநாள் காலையில் கடைக்குப் போனோம். லா ஷப்பலில் மெட்ரோ படி இறங்கி வெளியே வந்தால் நகைக்கடை, சேலைக்கடை, முருங்கைக்காய்க் கட்டு, பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பாரிஸ் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சறோவின் கடையில் பத்து மேசைகூட இராது. உள்ளே நுழைந்தால் வலது கைப்பக்கச் சுவர் முழுவதும் அந்தப் படம்.

பார்த்தவுடன் மனசு உட்கார்ந்துவிட்டது. என் கட்டுரையில் நான் வரிசையாகச் சொன்ன அத்தனையும் அந்தச் சுவரில் இருந்தன. அகலமான ஆறு. நடுவில் மாடுகளையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு ஓடம் ஒன்று, ஆற்றின் போக்கோடு, சமையலறைப் பக்கமாகப் போகிறது. அந்தக் கோடியில் தேவாலயக் கோபுரம். இந்தக் கோடியில், வாசலை ஒட்டி, இலையில்லாத பட்ட மரம் ஒன்று. மிச்சமெல்லாம் மேகம். ஏதோ ஒன்று சரியில்லை என்றும் தோன்றியது. பேருந்தில் வழக்கமான பக்கத்தில் உட்காராதபோது வரும் சங்கடம் போல. என்னவென்று பிடிபடவில்லை. படம் பெரிதாக்கியதில் கலங்கியிருக்கிறது, அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட வந்தவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. ஒரு பிரெஞ்சுக்காரி தோசையைப் பிய்த்தபடி கூட வந்தவனிடம் ஏதோ சொன்னாள். "இதுதான் இவர்களுடைய நாடு போலிருக்கிறது, எவ்வளவு பசுமை" என்றாளாம், சறோ சொன்னாள். புதுச்சேரிக்காரர் ஒருவர், அது நூறு வருடத்துக்கு முந்தைய செய்ன் நதி, எனக்கு நன்றாகத் தெரியும் என்று சாதித்தார். சமையல்காரர் ரவி கொத்துரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "அக்கா, சாவு கீவு எனக்குப் பிரச்சினை இல்லை. தோணியிலை இத்தனை மாட்டை ஏத்தினவனுக்கு லைசன்ஸ் இருந்ததோ எண்டுதான் யோசிக்கிறனான்" என்றார்.

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் குலசிங்கம் வந்தார். நான் ஒரு முரடரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் மெலிந்த, இஸ்திரி போட்ட கோட்டுக்காரர். என்னைக் கும்பிட்டு, "தங்கச்சி, பயணமெல்லாம் சுகமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. நீங்கள் படிச்சனீங்கள். உள்ளதைச் சொல்லுங்கோ. இந்தப் படத்திலை சாவு இருக்கோ, இல்லையோ?"

பொய் சொல்லத்தான் தயாராக இருந்தேன், மறைப்பானேன். காலையில் ரயிலிலேயே ஒத்திகை பார்த்துவிட்டேன். ஆனால் சறோ அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். "மாத்திச் சொல்லாதை. என்ன இருக்கோ அதைச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். அந்தக் காலத்துப் போதகர்கள் வாழ்க்கையை ஆற்றுப் பயணம் என்றார்கள். ஓடம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆளைக் கொண்டுபோகிறது. அங்கே கோபுரம் தெரிவது மோட்சம். பட்ட மரம், உனக்கும் இதுதான் கதி என்று சொல்வதற்காக. இப்படித்தான் அறிஞர்களில் ஒரு சாரார் படிக்கிறார்கள்.

"பாத்தியே சறோ?" என்றார் குலசிங்கம். சத்தம் போடவில்லை. "வாசலிலை பட்ட மரத்தை வைச்சால் கடைக்காரன் நிலைப்பானோ?"

"இருங்கண்ணே, நான் இன்னும் முடிக்கல" என்றேன். எனக்குச் சூடு ஏறிவிட்டது. "இன்னொரு சாரார் என்ன சொல்றாங்க தெரியுமா? அந்த ஊர் பூரா தண்ணி. ஆத்தைக் கடக்க ஓடம்தான் வழி. அதனால ஓடம் வரைஞ்சான், அவ்வளவுதான்னு சொல்றாங்க. அந்தக் கொழுத்த மாட்டைப் பாருங்க. ஒரு பெரிய ராஜாவை எதிர்த்துத் தலைமுறை தலைமுறையா சண்டை போட்ட ஜனங்க அவங்க. கடலும் விடல, ராஜாவும் விடல. அப்பத்தான் இந்த மாதிரி படமெல்லாம் வரைஞ்சாங்க. இது எங்க ஆறு, எங்க மாடு, எங்க கோபுரம், யார் வந்தாலும் நகரமாட்டோம்னு சொல்ற படம் இது."

"மாட்டைப் பற்றி நான் கேக்கேல்லைத் தங்கச்சி" என்றார் அவர். "அதோடை, ஒல்லாந்தன் எங்கடை ஊரைப் பிடிச்சு வைச்சிருந்தவன். அவன்ர படம் எங்களுக்கென்னத்துக்கு?"

"அவன் கட்டின கோட்டையைக் காட்டித்தானே நீங்கள் ஊரிலை நிண்டு போட்டோ எடுத்தனீங்கள்?" என்றாள் சறோ.

நான் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தேன். பட்ட மரம் வரைகிறவர்கள் சில சமயம் அதில் ஒரு தளிரையும் வைப்பதுண்டு. தளிர் இருந்தால் அர்த்தமே மாறிவிடும். செத்ததிலிருந்து உயிர் வருகிறது என்றாகும். இந்தப் பிரதி கலங்கியிருப்பதால் தெரியவில்லை. ஆனால் படத்துக்குக் கீழே, வெள்ளை ஓரத்தில், அசல் இருக்கும் இடத்தை அச்சகத்தார் தனியாக அச்சடித்திருந்தார்கள். இதே பாரிசில், பெரிய அருங்காட்சியகத்தில்.

"திங்கள் கடை பூட்டு. போய்ப் பாப்பம்" என்றாள் சறோ.

"நானும் வாறன்" என்றார் குலசிங்கம். "தளிர் இருந்தால் நான் வாயைத் திறக்கமாட்டன். இல்லாட்டில் நீ கையெழுத்து வைக்கவேணும்."

சறோ எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த இரண்டு நாளும் நான் கடவுளிடம் வேண்டிக்கொண்டது ஒரு தளிருக்காக. இருபது வருடமாகக் கலை வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் செய்யக்கூடாத காரியம்.

திங்கட்கிழமை மூவரும் மெட்ரோவில் போனோம். வாசலில் பையைச் சோதித்த காவலாளி குலசிங்கத்தின் பையிலிருந்து வெள்ளித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தான். உள்ளே மட்டன் றோல்ஸ். "வழியிலை பசிச்சால் என்ன செய்யிறது?" என்று அவர் தமிழிலேயே அவனைக் கேட்டார். பொருட்களை வைக்கும் இடத்தில் றோல்ஸை ஒப்படைத்து வில்லை வாங்கினோம். இத்தனை காலம் இந்த ஊரில் இருந்தும் சறோ அந்தக் கட்டடத்துக்குள் வந்ததில்லையாம். "இஞ்சை வர ஆருக்கு நேரமிருந்தது?" என்றாள். திருச்சியில் மலைக்கோட்டை உச்சிக்கு நானும் போய் எத்தனையோ வருடமாகிறது.

டச்சு அறைகளுக்கு வழி கேட்டுக் கேட்டுப் போனோம். கூட்டமெல்லாம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிறிய அறையில் நாங்களும், நாற்காலியில் ஒரு பெண் காவலாளியும்தான். படம் தோசைத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது. வரைந்தவர் இன்னார்தான் என்று உறுதியில்லை என அட்டையில் போட்டிருந்தது.

"இவ்வளவுதானோ?" என்றார் குலசிங்கம்.

நான் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மரத்தைத் தேடினேன். அடியிலிருந்து நுனி வரை பார்த்தேன். ஒவ்வொரு கிளையாகப் பார்த்தேன். காவலாளி ஒருமுறை எழுந்து, கிட்டே போகாதே என்று கையைக் காட்டினாள். பின்வாங்கி, மறுபடியும் பார்த்தேன். தளிர் இல்லை. ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. மரம் முழுசாகச் செத்திருந்தது.

"இல்லைண்ணே" என்றேன்.

குலசிங்கம் கண்ணை மூடித் திறந்தார். வென்றவர் முகம் அப்படி இருக்காது. சறோ மட்டும் அசையாமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்கடை படம் இல்லை" என்றாள்.

"அதேதான்ப்பா. மாடு, ஓடம், கோபுரம்..."

"இல்லை. எங்கடை படத்திலை மரம் வாசல் பக்கம் நிக்குது. இதைக் கொண்டுபோய் அந்தச் சுவரிலை மாட்டினால் மரம் குசினிப் பக்கமெல்லே வரும்? ஆறும் வாசல் பக்கமாத்தானே ஓடும்?"

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. கடையில் என்னைச் சங்கடப்படுத்தியது இதுதான். கடைச் சுவரில் இருப்பது கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திருப்பி அச்சடித்த படம். சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தெரியவில்லை, தினமும் அதன் கீழே மேசை துடைத்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"யாரோ திருப்பி அடிச்சிருக்காங்க" என்றேன்.

சறோ மெதுவாகத் திரும்பினாள். "அத்தான். பெருசா அடிக்கக் கொண்டுபோனது நீங்களெல்லே?"

குலசிங்கம் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

"ஆறு வெளியிலை ஓடுற மாதிரி இருந்தது" என்றார். "தண்ணி வாசலுக்காலை போனால் காசும் போயிடுமெண்டு சொல்லுவினம். உள்ளுக்கை வாற மாதிரித் திருப்பி அடிக்கச் சொன்னனான். கடை நல்லா இருக்கவேணுமெண்டுதானே... மரமும் சேர்ந்து திரும்புமெண்டு நான் யோசிக்கேல்லை."

எனக்கு உள்ளே கொண்டாட்டம். ஐயா, வாசலில் பட்ட மரத்தை நட்டது நீர்தான்! சறோ, விடாதே, இதைச் சொல், இப்போதே சொல் என்று மனசு குதித்தது. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த மனிதர் லா ஷப்பலில் தலைகாட்ட முடியாது. குலசிங்கமும் அந்த வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தார். சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "அப்ப நானோ? என்ர தம்பியை நானோ?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ!" என்றாள் சறோ. அந்த அறை முழுக்கக் கேட்டது. "படம் வாங்கினதாலை நானும் கொல்லேல்லை, திருப்பினதாலை நீங்களும் கொல்லேல்லை. அவருக்கு நெஞ்சிலை வருத்தம். டொக்டர் சொன்னதைக் கேக்காமல் ஓடித்திரிஞ்சவர். செத்தவர். அதை ரெண்டு வருசமா ஒருத்தரும் சொல்ல விடுறியள் இல்லை. மரம், ஆறு, தோணி எண்டு எல்லாரும் சுவரைப் பாக்கிறியள். அவரைப் பற்றி ஒராள் கதைச்சியளோ? உங்களுக்கு அழவேணுமெண்டால் அழுங்கோ. அதுக்கு என்னைக் குற்றவாளி ஆக்காதேங்கோ."

காவலாளி வந்து உதட்டில் விரலை வைத்தாள். இங்கே சத்தமாகப் பேசக்கூடாது என்றாள். சறோ அவளைப் பார்த்து பிரெஞ்சில் பதில் சொன்னாள். பிறகு எனக்கு அதைத் தமிழில் சொன்னாள்: "என்ர புருசனைப் பற்றிக் கதைக்கிறன், அதை என்னாலை மெதுவாச் சொல்ல ஏலாதெண்டனான்." காவலாளி ஒரு கணம் நின்றாள். தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

குலசிங்கம் அழுதார். கைக்குட்டையை எடுக்காமல், கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு, வெகு நேரம் அழுதார். சறோ அவருக்குத் தேறுதல் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் செத்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை கருத்தரங்கில் இப்படிப்பட்ட மரத்தைக் கம்பெடுத்துக் காட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட ஒரு ஆள் செத்ததை நினைத்து நான் அதைப் பார்த்ததில்லை.

"கையெழுத்து வேண்டாம் சறோ" என்றார் அவர் கடைசியில். மூக்கை உறிஞ்சினார். "படத்தை என்ர செலவிலை நேரா அடிச்சுத் தாறன். அசலிலை இருக்கிற மாதிரி. மரத்தை அங்காலை கொண்டுபோயிடலாம்."

சறோ எழுந்து தோள்பையை மாட்டிக்கொண்டாள்.

"ஏன் அத்தான்," என்றாள், "நேரா அடிச்சால் அவர் எழும்பி வருவாரோ?"